முலாத்து அஸ்தாத்கேயும் எத்தியோப்பிய ஜாஸ் இசையும்

அயல்நாட்டு இசையை முறையாகக் கற்றுத் தேர்ந்த ஒருவர் தம் நாட்டு இசையை என்ன செய்வார்? சிலர் அதனை மறந்துவிடுவர். வேறு சிலர், புதுமைக்காக அயல் இசையின்மேல் தம் நாட்டு இசையிலிருந்து இரண்டொரு மெட்டுகளை எடுத்து ஒட்டிவைப்பர். இவ்விரு வழிகளையும் விடுத்து, தாம் கற்ற அயற்கலையைத் துணையாகக் கொண்டு தம் நாட்டு இசையின் இயல்பையே ஆராயப் புகுந்தவர் எத்தியோப்பிய நாட்டு இசைவாணர் முலாத்து அஸ்தாத்கே. அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையையும் எத்தியோப்பியாவின் பழைய பண்முறையையும் இணைத்து, ‘எத்தியோ ஜாஸ்’ என இன்று உலகெங்கும் வழங்கும் இசைவகையை உருவாக்கியவர் இவர்.

இரண்டு இசைகள் கலக்கும்பொழுது எது நிலைத்து நிற்கும், எது அழிந்துபோகும் என்பது மொழியிலும் கலையிலும் பற்றுடையோர் பலரும் எண்ணிப் பார்க்கும் வினாவாகும். அவ்வினாவுக்கு முலாத்துவின் வாழ்க்கை ஒரு விடை தருகின்றது. அதனை அறிய, முதலில் அவர் பிறந்த நாட்டின் இசை எத்தகையது என்பதை நோக்குதல் வேண்டும்.

எத்தியோப்பியப் பண்கள்

எத்தியோப்பியா ஆப்பிரிக்காவின் கிழக்கே உள்ள உயர்ந்த மலைநாடு. கி. பி. நான்காம் நூற்றாண்டிலேயே அக்சும் அரசர்கள் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினர். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த யாரெத் என்னும் அடியார் திருச்சபையின் இசையை வகுத்தார் என்றும், கீஸ், எசல், அராராய் என்னும் மூன்று இசை நெறிகளை அவரே அமைத்தார் என்றும் அந்நாட்டார் போற்றுவர். இன்றும் அந்நாட்டுக் கோயில்களில் குருமார்கள் நீண்ட கோல்களை ஊன்றி, பெரிய முரசின் முழக்கத்திற்கேற்ப அசைந்து பாடுவதைக் காணலாம்.

கோயிலுக்குப் புறத்தே பொதுமக்களின் இசையை வளர்த்தவர் அஸ்மாரி எனப்படும் நாடோடிப் பாடகர்கள். சங்க காலப் பாணர்களைப் போல ஊர்தோறும் சென்று, விருந்துகளிலும் விழாக்களிலும் பாடுவது இவர்தம் தொழில். புகழ்வதும், சிலேடையாக இகழ்வதும் இவர்களுக்குக் கைவந்த கலை. ஒரே நரம்பை உடைய மசின்கோ என்னும் கருவியை வில்லால் இழைத்து வாசிப்பர். ஐந்து அல்லது ஆறு நரம்புகள் கொண்ட கிரார் என்னும் யாழும், பத்து நரம்புகள் கொண்ட பெகெனா என்னும் பெரிய யாழும், வாஷிந்த் என்னும் புல்லாங்குழலும், கெபெரோ என்னும் முரசும் அந்நாட்டின் பிற கருவிகள். பெகெனா தாவீது அரசனின் யாழ் என்பது மரபு. ஆகையால் அதனை இறைவழிபாட்டுக்கே உரியதாகக் கொள்வர்.

மலைநாட்டு இசையின் அடிப்படை கிஞ்ஞித் எனப்படும் பண்முறை. திஸிதா, பாத்தி, அம்பாசெல், அஞ்சிஹோயே என முதன்மையான பண்கள் நான்கு. ஒவ்வொன்றும் ஐந்து சுரங்களால் ஆனது. பாத்தியும் அம்பாசெலும் வல்லோ மாநிலத்து ஊர்ப்பெயர்கள். திஸிதா என்பதற்கு ‘நினைவு’ என்பது பொருள். பிரிவையும் பழைய நாளையும் எண்ணி வருந்தும் பாடல்கள் இப்பண்ணில் அமைவதால் அவ்வகைப் பாடலுக்கும் அதுவே பெயராயிற்று.

தமிழிசை பயின்றோருக்கு இப்பண்கள் முற்றும் புதியன அல்ல. திஸிதாவின் ஒரு வடிவத்தில் வரும் சுரங்கள் மோகனத்தின் சுரங்களே. பாத்தியின் ஒரு வடிவம் சுத்த தன்யாசியின் சுரங்களைக் கொண்டது. ஆயினும், சுரங்கள் ஒத்திருப்பதனால் இரு நாட்டு இசைக்கும் பழைய உறவு உண்டு என்று முடிவு கட்டலாகாது. ஐந்து சுர அமைப்பு உலகின் பல பகுதிகளிலும் காணப்படுவது. சுரங்களை அசைக்கும் முறையும், நிறுத்தும் இடமும், தாளமும் நாட்டுக்கு நாடு வேறு. நான்காவது பண்ணாகிய அஞ்சிஹோயேயில் பஞ்சமமே இல்லை. இரண்டு மத்திமங்களும் அடுத்தடுத்து நிற்கும். எத்தியோப்பியர் அல்லாதார் காதுக்கு அது விந்தையாகவே ஒலிக்கும்.

பித்தளைக் கருவிகள் வந்த கதை

1896ஆம் ஆண்டு அட்வா என்னும் இடத்தில் எத்தியோப்பியப் பேரரசர் மெனெலிக் இத்தாலியப் படையை முறியடித்தார். ஐரோப்பியரின் ஆட்சிக்கு அடங்காத ஆப்பிரிக்க நாடு என்ற பெருமை அதனால் எத்தியோப்பியாவுக்கு நிலைத்தது. பின்னர் 1936 முதல் 1941 வரை இத்தாலியர் அந்நாட்டைக் கைப்பற்றி வைத்திருந்தனர். அக்குறுகிய காலம் நீங்கலாக அது தன்னாட்சி உடைய நாடாகவே இருந்து வந்துள்ளது. ஆகவே, மேலைநாட்டு இசை அங்கே ஆள்வோரின் இசையாக நுழையவில்லை. அந்நாட்டு அரசர்களே அதனை வரவழைத்தனர். அட்வா வெற்றிக்குப் பின் ருசிய நாட்டிலிருந்து பித்தளைக் காற்றுக் கருவிகள் வந்தன.

1924ஆம் ஆண்டு, பின்னாளில் ஹெய்லி செலாசி என முடிசூடிய இளவரசர் தஃபாரி எருசலேம் நகருக்குச் சென்றார். அங்கே, துருக்கியில் நிகழ்ந்த படுகொலையில் பெற்றோரை இழந்த ஆர்மீனியச் சிறுவர் நாற்பதின்மர் வாத்தியக் குழுவாக வாசிக்கக் கேட்டார். அவர்களை அழைத்து வந்து தம் அரண்மனை வாத்தியக் குழுவாக அமர்த்தினார். அவர்களுக்கு ஆசிரியராக வந்த கெவோர்க் நல்பந்தியன் என்னும் ஆர்மீனியர் பேரரசின் நாட்டுப்பண்ணை இயற்றினார். அவர்தம் உறவினர் நெர்செஸ் நல்பந்தியன், 1955ஆம் ஆண்டு அடிஸ் அபாபாவில் திறக்கப்பட்ட ஹெய்லி செலாசி அரங்கின் இசைக்குழுவைப் பயிற்றுவித்தார். அரண்மனைக் காவற்படை, காவல்துறை ஆகியவற்றின் வாத்தியக் குழுக்களில் டிரம்பெட்டும் சாக்சபோனும் வாசிக்கப் பயின்ற எத்தியோப்பியர் பலர் தோன்றினர். அவர்களுள் கெத்தாச்சு மெக்கூரியா என்பவர், போர்வீரர் முழங்கும் ஷெலெலா என்னும் பழைய வீரப்பாட்டைச் சாக்சபோனிலேயே வாசித்துப் புகழ் பெற்றார்.

இவ்வாறு நிலம் பண்பட்டிருந்தது. ஆனால் அயற்கருவியில் நாட்டு மெட்டை வாசிப்பது வேறு. இரு இசைகளின் இலக்கணத்தையும் அறிந்து இணைப்பது வேறு. அப்பணி, நாட்டைவிட்டுச் சென்று கற்றுத் திரும்பிய ஓர் இளைஞருக்காகக் காத்திருந்தது.

பொறியியல் கற்கச் சென்றவர்

முலாத்து அஸ்தாத்கே 1943ஆம் ஆண்டு எத்தியோப்பியாவின் தென்மேற்கே உள்ள ஜிம்மா நகரில் பிறந்தார். 1950களின் பிற்பகுதியில், பொறியியல் கற்கும் நோக்கத்துடன் பெற்றோர் அவரைப் பிரிட்டனுக்கு அனுப்பினர். வட வேல்சில் இருந்த லிண்டிஸ்ஃபார்ன் என்னும் பள்ளியில் சேர்ந்த அவருக்கு, அங்கே இசையில் நாட்டம் உண்டாயிற்று. பொறியியலைக் கைவிட்டு, இலண்டன் திரினிதி இசைக் கல்லூரியில் மேலை இசையைப் பயின்றார்.

அக்காலத்தில் இலண்டன் நகர், ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்த கலைஞர் பலர் கூடும் இடமாக இருந்தது. கானா நாட்டாரும் நைஜீரிய நாட்டாரும் தத்தம் நாட்டு இசையை அங்குள்ள அரங்குகளில் பெருமையுடன் வாசித்து வந்தனர். எத்தியோப்பிய இசையைப் பற்றிப் பேசுவார் மட்டும் இல்லை. இக்குறையே தம்மை உந்தியது என்று முலாத்து பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார்.

அடுத்து அவர் அமெரிக்காவிற்குச் சென்று, பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1945ஆம் ஆண்டு தோன்றிய அக்கல்லூரி, ஜாஸ் இசையை முறையான பாடமாக வகுத்துக் கற்பித்த முன்னோடி நிலையம். அங்குப் பயின்ற முதல் ஆப்பிரிக்க மாணவர் முலாத்துவே என்பர். உலோகத் தட்டுகளைக் குச்சிகளால் தட்டி வாசிக்கும் வைப்ரபோன் என்னும் கருவியையும், கொங்கா முதலிய தாளக் கருவிகளையும் அவர் தமக்கு உரியனவாகத் தேர்ந்துகொண்டார். பின்பு நியூயார்க் நகருக்குச் சென்று தம் குழுவுடன் 1966ஆம் ஆண்டு ‘ஆப்ரோ லத்தீன் சோல்’ என்னும் பெயரில் இரண்டு இசைத்தட்டுகளை வெளியிட்டார். கியூபா, போர்ட்டோரிக்கோ ஆகிய நாடுகளின் தாளங்களே அவற்றில் ஓங்கி நின்றன. எனினும் எத்தியோப்பியப் பண்களின் சாயல் ஆங்காங்கே தலைகாட்டியது.

ஐந்தும் பன்னிரண்டும்

முலாத்து எதிர்கொண்ட சிக்கல் யாது? அதனை விளங்கிக்கொண்டாலன்றி அவருடைய தொண்டின் அருமை புலப்படாது.

எத்தியோப்பிய இசை, தமிழிசையைப் போலவே, ஒரே இழையாகச் செல்லும் மெட்டிசை. பாடகர் பாட, கருவி அவரைப் பின்தொடரும். ஜாஸ் இசையோ, மெட்டின் கீழே ஒரே வேளையில் பல சுரங்களை அடுக்கி ஒலிக்கச் செய்வது. ஹார்மனி எனப்படும் இவ்வடுக்கிசை, ஒரு தாயியின் பன்னிரண்டு சுரத்தானங்களையும் எடுத்தாளும். அவ்வடுக்கிசையில், மெட்டு தன் இல்லம் வந்து சேர்ந்தது என்ற உணர்வைக் காதுக்குத் தருவன பெரும்பாலும் மத்திமமும் நிஷாதமும் ஆகும். மோகனத்தை ஒத்த திஸிதாவிலோ அவ்விரண்டு சுரங்களுமே இல்லை!

ஆகவே, திஸிதா மெட்டின் கீழ் வழக்கமான மேலை அடுக்குகளைச் சேர்த்தால், பண்ணில் இல்லாத சுரங்கள் இரண்டும் ஓயாமல் ஒலிக்கும். கேட்பவர் காதில் அது திஸிதாவாகத் தங்காது. ஏதோ ஒரு மேலைநாட்டுப் பாட்டாகிவிடும். மோகனத்தில் ஒரு கீர்த்தனையைப் பாடும்போது, அருகில் ஒருவர் ஆர்மோனியத்தில் மத்திமத்தையும் நிஷாதத்தையும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இச்சிக்கல் எளிதில் விளங்கும். அடுக்குகளை அறவே நீக்கினாலோ, அது ஜாஸ் இசை ஆகாது.

முலாத்து கண்ட வழி எளியது போலத் தோன்றும். மெட்டு ஐந்து சுரங்களை விட்டு அகலாது. அடுக்குகள் பன்னிரண்டு சுரங்களையும் தொடலாம். ஆனால் பண்ணின் உணர்வு மாறும் அளவுக்கு அவை ஓங்குதல் ஆகாது. இதற்காக அவர் அடுக்குகளை அடிக்கடி மாற்றுவதைத் தவிர்த்தார். பாஸ் கிட்டாரில் ஒரு சிறு தொடரை மீண்டும் மீண்டும் வாசிக்கச் செய்து, சுருதி நிற்பதைப் போன்ற ஒரு தளத்தை அமைத்தார். அத்தளத்தின்மேல் சாக்சபோன் பண்ணை விரிக்கும். வைப்ரபோனும் மின்னிசை ஆர்கனும் இடைவெளிகளில் மட்டும் அயற்சுரங்களைத் தூவும். ஜாஸ் கலைஞருக்கு உயிரான மனோதர்மத்திற்கு இடம் உண்டு. அம்மனோதர்மமும் பண்ணின் வேலிக்குள்ளேயே உலவும். ‘யெகெல்லே திஸிதா’, ‘யெகெர்மோ செவ்’ ஆகிய இசைகளைக் கேட்போர் இம்முறையைத் தெளிவாக உணரலாம்.

1972ஆம் ஆண்டு நியூயார்க்கில் பதிவான ‘எத்தியோப்பியாவின் முலாத்து’ என்னும் இசைத்தட்டில், மணமகளின் கண்மையைப் பாடும் பழைய திருமணப் பாட்டு ஒன்றும் இடம்பெற்றது. ஊர்ப் பெண்கள் கைகொட்டிப் பாடும் அப்பாட்டு, சொற்கள் இன்றி, ஜாஸ் கருவிகளில் ஒலித்தது. அப்பாட்டைத் திருமண வீடுகளில் கேட்டு வளர்ந்தவருக்கு அதன் மெட்டு அந்நிலையிலும் அடையாளம் தெரியும்.

அடிஸ் அபாபாவின் பொற்காலம்

1960களின் இறுதியில் முலாத்து தாயகம் திரும்பினார். அப்பொழுது தலைநகரில் இரவு விடுதிகள் பெருகியிருந்தன. திலாஹுன் கெசெசே, மஹ்மூத் அஹ்மத், அலெமாயெஹு எஷெத்தே முதலிய பாடகர்கள் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்திருந்தனர். இசைத்தட்டு வெளியிடும் உரிமை அரசு சார்ந்த ஒரு கழகத்திற்கே உரியது என்ற ஆணை அக்காலத்தில் இருந்தது. அதனைப் பொருட்படுத்தாமல் 1969ஆம் ஆண்டு அம்ஹா எஷெத்தே என்னும் இளைஞர் தனி இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஐந்தாறு ஆண்டுகளில் அந்நிறுவனம் வெளியிட்ட தட்டுகளே, அந்நாட்டு இசையின் பொற்காலத்திற்கு இன்று எஞ்சி நிற்கும் சான்றுகள்.

அக்காலத்தில் முலாத்து மற்றப் பாடகர்களின் பாடல்களுக்கு இசை அமைப்பவராகவே பெரிதும் அறியப்பட்டார். எத்தியோப்பியர் இசை என்றால் பாட்டு என்றே கருதினர். சொல்லின் நயமும் சிலேடையுமே அவர்களுக்கு இன்பம். சொல் இல்லாத கருவியிசையை முன்னிறுத்திய அவர்தம் முயற்சியைப் பலர் வியந்தனரே தவிர, உடனே தழுவிக்கொள்ளவில்லை.

1973ஆம் ஆண்டு, ஜாஸ் உலகின் பேராசானாகிய டியூக் எல்லிங்டன், அமெரிக்க அரசின் ஆதரவில் மேற்கொண்ட பயணத்தின்போது தம் குழுவுடன் அடிஸ் அபாபாவுக்கு வந்தார். பேரரசர் அவருக்கு விருது அளித்துச் சிறப்பித்தார். எல்லிங்டனுக்கு எத்தியோப்பிய இசையை அறிமுகப்படுத்தி உடன் இருந்தவர் முலாத்து. அமெரிக்கக் குழுவினருடன் அவர் மேடையேறி வைப்ரபோன் வாசித்தார். ஜாஸ் கற்க அமெரிக்காவுக்குச் சென்ற மாணவர், ஜாஸ் ஆசானுக்குத் தம் ஊரில் தம் இசையை அளிக்கும் நிலை எய்தினார்.

ஊரடங்கு

அந்நிலை நீடிக்கவில்லை. 1974ஆம் ஆண்டு பெப்ருவரியில் எத்தியோப்பியாவில் கிளர்ச்சி மூண்டது. எத்தியோப்பிய நாட்காட்டியில் அது யெக்காத்தித் மாதம். அம்மாதப் பெயரையே தலைப்பாகக் கொண்டு, ‘எத்தியோ ஜாஸ்’ என்னும் சொல்லையும் தாங்கி, முலாத்துவின் இசைத்தட்டு ஒன்று அவ்வாண்டு அம்ஹா நிறுவனத்தின் வழி வெளிவந்தது. மே மாதம் எல்லிங்டன் அமெரிக்காவில் காலமானார். செப்டம்பர் 12ஆம் நாள் படைத்துறையினர் பேரரசரை அரியணையிலிருந்து அகற்றினர்.

தெர்க் எனப்படும் அப்படைக்குழுவின் ஆட்சி 1991 வரை நீடித்தது. இரவு ஊரடங்கு நகரைப் பல்லாண்டுகள் மூடியது, விடுதிகள் இருண்டன. இசைக்குழுக்கள் கலைந்தன; அம்ஹா எஷெத்தேயும் கலைஞர் பலரும் நாட்டைவிட்டு வெளியேறினர். அயல்நாட்டில் வாழ்ந்து பழகிய முலாத்து எளிதில் வெளியேறியிருக்கக்கூடும். எனினும் அவர் அடிஸ் அபாபாவிலேயே தங்கி, இசையைத் தொடர்ந்து வாசித்தும் பயிற்றுவித்தும் வந்தார். அவருடைய இசைத்தட்டுகளோ உலக வணிகத்தில் மறைந்துபோயின.

உலகம் கேட்டது

ஃபிரான்சிஸ் ஃபல்செத்தோ என்னும் பிரெஞ்சுக்காரர் எத்தியோப்பியாவின் பழைய தட்டுகளைத் தேடித் திரட்டி, 1997ஆம் ஆண்டு முதல் ‘எத்தியோபிக்’ என்னும் வரிசையாகப் பாரிசிலிருந்து வெளியிடச் செய்தார். 1998ஆம் ஆண்டு வந்த நான்காம் தொகுதி முழுவதும் முலாத்துவின் இசை. கால் நூற்றாண்டுக்கு முன் பதிவானவற்றை மேலைநாட்டார் புத்தம் புதிய இசையைப் போலக் கேட்டனர். 2005ஆம் ஆண்டு, ஜிம் ஜார்முஷ் என்னும் அமெரிக்க இயக்குநர் தம் ‘புரோக்கன் ஃபிளவர்ஸ்’ திரைப்படத்தில் அவ்விசையை எடுத்தாண்டார். அப்படத்தின் வழி முலாத்துவின் பெயர் பல நாடுகளுக்கும் பரவியது. 2009ஆம் ஆண்டு இலண்டன் இசைக்குழு ஒன்றுடன் சேர்ந்து அவர் புதிய தொகுதி வெளியிட்டார். 2010ஆம் ஆண்டு நாஸ், டேமியன் மார்லி ஆகியோர் வெளியிட்ட பாடல் ஒன்று ‘யெகெல்லே திஸிதா’வின் ஒலியையே அடித்தளமாகக் கொண்டு அமைந்தது. 2012ஆம் ஆண்டு பெர்க்லி கல்லூரி தன் பழைய மாணவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. எண்பது வயதைக் கடந்த பின்னரும், 2025ஆம் ஆண்டு அவர் தம் பழைய இசைகளைப் புதிதாக வாசித்துத் தொகுத்து வெளியிட்டார்.

இப்புகழினும் சிறந்தது அவர் கடைப்பிடித்த நெறி. 2007, 2008ஆம் ஆண்டுகளில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஆய்வாளராக இருந்தபோது அவர் எடுத்துக்கொண்ட பொருள் கிரார் யாழ். ஐந்தாறு நரம்புகளால் ஐந்து சுரப் பண்களை மட்டும் ஒலிக்கும் அக்கருவியைப் பன்னிரண்டு சுரங்களும் ஒலிக்குமாறு விரிவாக்குவது எவ்வாறு என்று அவர் ஆராய்ந்தார். அடியார் யாரெத்தின் பெயரால் ஓர் இசை நாடகத்தையும் இயற்றத் தொடங்கி, அதன் ஒரு பகுதியை அங்கே அரங்கேற்றினார். எத்தியோப்பியாவின் தென்பகுதியில் வாழும் தெராஷே மக்கள் மூங்கிற் குழல்களில் வாசிக்கும் அரிய சுர அமைப்பை அவர் எங்கும் எடுத்துரைப்பார். மேலைநாட்டுப் பேரிசைவாணர்கள் பிற்காலத்தில் எடுத்தாண்ட ஒலிகளை எழுத்தறியா அம்மக்கள் தாமாகவே கண்டறிந்திருந்தனர் என்பதும், அவர்கள் ஒலியின் அறிவியலாளர்கள் என்பதும் அவருடைய கொள்கை. யார் முந்தியவர் என்பதை நிறுவுதல் கடினம். ஆயினும், அயல் இசைக் கல்லூரியில் பெற்ற பயிற்சியே தம் நாட்டுக் குழலோசையின் அருமையைக் கேட்டறியும் செவியை அவருக்கு அளித்தது என்பதில் ஐயமில்லை.

கலப்பினால் மரபு கெடும் என்று அஞ்சுவோரும் உண்டு. கலப்பின்றி மரபு வாழாது என்போரும் உண்டு. முலாத்துவின் இசை இரு சாராருக்கும் ஓர் அளவுகோலைத் தருகின்றது. எத்தனை அயற்சுரங்கள் வந்து சேர்ந்தன என்று அவர் எண்ணவில்லை. அவை சேர்ந்த பின்னும் திஸிதாவைக் கேட்டு வளர்ந்த ஒருவர் அதைத் திஸிதா என்று அறிந்துகொள்வாரா என்பதையே நோக்கினார். அவ்வாறு அறிந்துகொள்ளும் செவியுடையோர் நாட்டில் இருக்கும் வரை, புதியன சேர்தலைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. அச்செவியை இளமையிலேயே பழக்கிவிடுதல் ஆசிரியர்தம் கடமையாகும்.